லாரிக்காரர் சிந்தெமிருக்கு எட்டாம் மாசம்

“இந்த ஒரு வருஷத்துல எனக்குப் பால்பல் முளைச்சுது, சுன்னத்துக்கு நாள் குறிச்சாங்க, கை ரெண்டு எடத்துல ஒடஞ்சு கட்டுப் போட்டாங்க. இப்ப எட்டு மாசம் முழுகாம இருக்கேன்” என்றார் சிந்தெமிர்.

வயது எழுபத்தொன்று. மீசையை மட்டும் தனியாக நிறுத்தால் கால் கிலோ தேறும். நாரின் என்ற மலை ஊரின் பக்கத்துக் கணவாய்களில் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். பனிச்சரிவு அவர் ஹாரனைக் கேட்டு ஒதுங்கி நின்று வழிவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்து அது. விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் கூடாரத்துக் கயிறு ஒன்று அவிழ்ந்துகொண்டது. சிரிக்காதவர் ஒருவர்தான். சிந்தெமிரின் சம்பந்தி கல்முர்சா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் போடாத மனிதர்.

“சம்பந்திக்கு ரெண்டாவது கிண்ணம் குமிஸ், அந்தப் புளிச்ச குதிரைப்பால், உள்ள போனா லாரி பறக்கும். மூணாவதுல பிரசவ வலி எடுக்கும். நாலாவது யாரும் ஊத்தாதீங்கப்பா” என்றார் கல்முர்சா.

சிந்தெமிர் கைப்பேசியை எடுத்து உரக்கப் படித்தார். அன்புத் தாயே, உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தை இப்போது ஒரு முட்டைக்கோசு அளவு வளர்ந்திருக்கிறது, பாரம் தூக்காதீர்கள், மனதை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மாவட்ட மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி. வாராவாரம் வருகிறதாம். பட்டாணி அளவில் இருந்தபோதிலிருந்தே விறகு பிளப்பதை அவர் நிறுத்திவிட்டார். அவர் மனைவி குலிபா, பாரம் தூக்காத மனுஷர் கறித்தட்டை மட்டும் இரண்டு கையாலும் தூக்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் முறையிட்டாள்.

கல்முர்சா நம்பவில்லை. நம்ப முடியாது. அந்த மருத்துவமனைப் பதிவு ஏற்பாட்டைக் கட்டியவன் அவர் மகன் எமில். காகிதத்தையெல்லாம் ஒழித்து, ஆள் பிறந்ததிலிருந்து மண்ணுக்குள் போகிறவரை எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியவன். மகன் ஒரு முறை கூட்டியதை இரண்டு முறை சரிபார்ப்பான் என்று சத்தியம் செய்தார் கல்முர்சா. யாரோ குறும்புக்கு அனுப்பிய செய்தி அது, சம்பந்தி விறகு பிளக்கச் சோம்பல்பட்டு அதைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், போன அக்டோபரில் எமில் தலைநகரிலிருந்து மடிக்கணினியோடு வந்து இறங்கினான். முதல் வீடாகத் தங்கை குல்பாரா வாழ்க்கைப்பட்ட சிந்தெமிர் வீட்டையே பதிய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆடு அடித்தார்கள். விருந்தாளி மரியாதைக்குத் தலைக்கறியை அவன் முன்னால் வைத்தார்கள். அவன் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டான், போன் நம்பர் கேட்டான். மூத்த மகன் அப்பாவின் நம்பரைச் சொன்னான். இளைய மகனும் அதையே சொன்னான். பேரப்பிள்ளைகளுக்கும் அதே. மருமகள்களும் மாமனார் நம்பரைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடமோ மின்சாரக்காரனோ மாட்டு வைத்தியனோ, வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பெரியவருக்குத்தான் கூப்பிட வேண்டும். பெரியவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது மருமகள் தன் நம்பரை ஆபீஸ்காரனுக்குக் கொடுத்தால், இந்த வீட்டில் ஆம்பளை இல்லையா என்று ஊர் கேட்காதா?

ஆனால் எமிலின் பெட்டிக்கு ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். இரண்டாவது ஆளுக்கே அது கேட்டது, இவர் ஏற்கெனவே இருக்கிறாரே, சேர்த்துவிடட்டுமா என்று. எமில் ஆட்டுக்கொழுப்பு ஒட்டிய விரலால் ‘சரி’யைத் தட்டினான். மூன்றாவது ஆளுக்கும் கேட்டது, தட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து கல்முர்சா, பையன் விரல் எப்படிப் பறக்கிறது பாருங்கள் என்று பூரித்துக்கொண்டிருந்தார். பதினோரு பேர் சாப்பிட உட்கார்ந்த அந்த விரிப்பிலிருந்து ஒரே ஒரு நோயாளிதான் எழுந்தார். கடைசியாகப் பதிந்தது குல்பாராவை. பெயரும் வயதும் முதலில் பதிந்த பெரியவருடையதாகவே நின்றன, பால் மட்டும் கடைசி ஆளுடையதாக மாறியது. ஆகவே அந்த நோயாளி பெண்.

மூன்றாவது பேரனுக்குப் பல் முளைத்தது, அது சிந்தெமிர் கணக்கில் ஏறியது. இரண்டாவது பேரன் குதிரையிலிருந்து விழுந்தான், அதுவும் ஏறியது. தை மாதக் குளிரில் குல்பாரா உண்டானாள்.

அதுவரை வேடிக்கைதான். கைப்பேசியில் வரும் புத்திமதிகளைக் கடைத்தெருவில் படித்துக் காட்டித் தேநீர் குடித்தார் சிந்தெமிர். விருந்து முடிந்த மறுநாள், மொத்தமாக வாங்கி வைத்திருந்த இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. அன்றைக்குத்தான் வேடிக்கையின் வால் திரும்பி அவரையே அடித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவர் இடது பக்கம் முழுக்கச் செத்துப்போய் மீண்டு வந்தது. டாக்டர் ஷாயிர்கான் அப்போதே சொல்லிவிட்டாள், இந்த மாத்திரையை விட்டால் அடுத்த முறை மீண்டு வர மாட்டீர்கள் என்று. இப்போது அதே ஷாயிர்கான் மாத்திரையின் பெயரைத் தட்டினாள். திரை சிவந்தது. இந்த மருந்து சிசுவுக்கு ஆபத்து, கர்ப்பிணிக்குத் தர முடியாது. பெட்டி ஒரு எண்ணைக் கொடுக்காமல் எந்தக் கடையிலும் மருந்து வாங்க முடியாது. கர்ப்பிணிக்கு ஏற்ற வேறு மாத்திரையை எழுதிப் பார்த்தாள். அதற்கு வயிற்றைச் சோதித்த மருத்துவச்சியின் சான்று வேண்டும் என்றது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ அவளிடம் இலவசமாகக் கொடுத்திருந்த நாலைந்து மாத்திரைகளைக் கையில் திணித்து அனுப்பினாள். அதுவும் தீர்ந்தது.

பின்மண்டையில் யாரோ குளம்படி வைத்து நடக்கத் தொடங்கினார்கள். சிந்தெமிர் நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போய், விருந்துல என்னைப் பொய்யன்னு சொன்னீங்களே, வாங்க, வந்து கண்ணால பாருங்க என்று கல்முர்சாவை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினார். டாக்டரம்மா பாவம், நமக்காக மேலிடத்தில் திட்டு வாங்குகிறாள் என்று குலிபா ஒரு ஆட்டுத்தொடையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஷாயிர்கான் முன்பெல்லாம் நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். எமிலின் பெட்டி வந்தபிறகு ஊர்ச் சனத்துக்கு அவளுடைய பின்னங்கழுத்துதான் தெரியும். அன்று அவள் திரையைத் திருப்பிக் கல்முர்சாவின் மூக்குக்கு நேராக வைத்தாள். கல்முர்சா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார். சிந்தெமிர், பெண், எழுபத்தொன்று, எட்டாம் மாதம், தலைப்பிரசவம். டாக்டர் தப்பாகத் தட்டியிருப்பார் என்றார். ஷாயிர்கான் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதன்பிறகு அவராகவே மகனைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி கைப்பேசியை மேஜையில் வைத்தார்.

எமில் முழுக்கக் கேட்டான். பிறகு பொறுமையாக விளக்கினான். பொறுமைதான் சிந்தெமிருக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது.

“மாமா, உங்க நம்பர்ல கர்ப்பம்னு இருந்தா யாரோ ஒருத்தர் கர்ப்பமாத்தான இருக்காங்க? தகவல் சரி.”

“தகவல் சரி. வயிறுதான் தப்பாக்கும்?”

“சிஸ்டத்துல தப்பில்ல மாமா. நீங்க எல்லாரும் தகவல் குடுத்த விதம்தான் தப்பு.”

சிந்தெமிர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்து பிறகு விழுந்தது.

“ஏன்டா, ரோடு போட்டவன் லாரி கவுந்தா மலையைக் குத்தம் சொல்லுவானா? ரோட்டுக்கு முன்னாலயே மலை இருந்துச்சேடா. உன் பெட்டிக்கு முன்னாலயே நாங்க இருந்தோம். எங்க வீட்டு விரிப்புல உக்காந்து தலைக்கறி தின்ன. ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்தான்னு உனக்குத் தெரியாதா? உங்க அப்பன் வீட்டுல எத்தன நம்பர்டா இருந்துச்சு?”

கல்முர்சா தரையைப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒன்றுதான்.

சேர்ந்துபோனதைப் பிரிக்கத் தனிக் குழு கூட வேண்டும் என்றான் எமில் கடைசியில். மனுப் போட்டால் அடுத்த வசந்தத்துக்குள் கூடிவிடுமாம். ஷாயிர்கான் இரத்த அழுத்தப் பட்டையைச் சிந்தெமிரின் கையில் சுற்றி அமுக்கினாள். முள் ஏறிக்கொண்டே போய், இதற்கு மேல் எனக்கு இடமில்லை என்பது போல் நின்றது. அவள் ஊசி ஒன்றைப் போட்டாள். இது இன்றைக்குத்தான் தாங்கும், நாளைக்கு மாத்திரை வயிற்றுக்குள் இருந்தாக வேண்டும் என்றாள்.

கர்ப்பத்தை எடுத்துவிட வேறு வழியே இல்லையா என்று கல்முர்சா கேட்டார். கர்ப்பமே இல்லை என்று சொல்வதற்கு ஒரு கட்டம் இருக்குமே? அப்படியொன்று வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை என்றான் எமில். இருப்பவை நான்கு: பிரசவம், கலைந்தது, ஊர் மாறினார், இறந்தார். ஊர் மாறினால் இங்கே மாத்திரை கிடையாது. இறந்தால் எங்கேயும் கிடையாது.

“அப்ப ரெண்டாவதைப் போட்டுடலாமே” என்றார் கல்முர்சா.

சிந்தெமிர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். அதுவரை இருந்த ஆர்ப்பாட்டமெல்லாம் குரலிலிருந்து இறங்கியிருந்தது.

“சம்பந்தி, அது உங்க பொண்ணு வயித்துல இருக்கற புள்ள. பெட்டிக்கிட்டகூட நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். என் மண்டை வெடிச்சாலும் சரி.”

கல்முர்சா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப பெத்துடுங்க பெரியவரே” என்றாள் ஷாயிர்கான். “வேற என்ன செய்ய? குல்பாராவை அவ நம்பர்லயே நான் புதுசாப் பதிஞ்சிடறேன்.”

மகப்பேறு வார்டு மாடியில். செய்தி அவர்களுக்கு முன்பே படியேறிவிட்டது. உண்மையாகவே பிள்ளை பெற வந்த பெண்கள் வலியை மறந்து வாசலில் நின்று பார்த்தார்கள் என்றும், ஒருத்திக்குச் சிரித்த சிரிப்பிலேயே சுகப்பிரசவம் ஆனதென்றும் பிறகு சொன்னார்கள். மருத்துவச்சி ஒரு கட்டிலைக் காட்டினாள். தலைநகரின் விதிப்படி தாய் கட்டிலில் இருக்க வேண்டும், கட்டில் எண் இல்லாமல் பெட்டி நகராது. சிந்தெமிர் மேல்சட்டையைக் கழற்றப் போனார். இடது கை விரல்கள் பொத்தானைத் தேடி நழுவின. மறுபடி தேடின. பிடி கிடைக்கவில்லை.

கல்முர்சா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, அந்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றிவிட்டார்.

“சிரிக்காதீங்க” என்றார் சிந்தெமிர்.

“நான் எங்க சிரிச்சேன்?”

அடுத்தது குழந்தையின் எடை. அதை விரலால் தட்ட முடியாது. தராசிலிருந்து கம்பி நேராகப் பெட்டிக்குள் போகிறது. மனிதர்கள் தப்பு செய்துவிடுவார்களாம், அதனால் எமில் செய்த ஏற்பாடு அது. மருத்துவச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஷாயிர்கான் துணிமூட்டையை வாங்கி, குழந்தைத் தராசின் பஞ்சு மெத்தையில் ஆட்டுத்தொடையைக் கிடத்தினாள். மூன்று கிலோவும் சில்லறையும். பெட்டி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. நல்ல எடை, தாய்ப்பாலை உடனே தொடங்கவும் என்றது. இருக்கிற மனிதனை நம்பாத அந்தப் பெட்டி, செத்த ஆட்டின் காலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. சிந்தெமிர் படுத்தபடியே, கூரையைப் பார்த்து, இதைக் கட்டினவனுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க என்றார்.

இன்னும் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. பிரசவத்தின்போது உடனிருந்த உறவினர் ஒருவர் தலைநகருக்குத் தன் வாயால் உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் கர்ப்பம் முடியும், மாத்திரைக்கு எண் விழும். கையோடு மாடிக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த கைப்பேசியில் எமில் இன்னும் காத்திருந்தான். தலைநகர் சார்பில் அந்த உறுதியைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான், ஆனால் விதி விதிதான்.

எல்லாரும் கல்முர்சாவைப் பார்த்தார்கள். அவர் காலமெல்லாம் கரும்பலகை முன்னால் நின்று, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதே என்று பிள்ளைகளின் காதைத் திருகியவர். சொன்னால் வாத்தியார் வார்த்தை பொய். சொல்லாவிட்டால் சம்பந்தியின் மண்டைக்குள் குளம்படி நிற்காது. அதைவிட, இந்த ஏற்பாட்டைப் பற்றி இந்த ஊரில் ஒரு விருந்து விடாமல் பெருமை பேசியது யார்?

“குரல் பதிவாகுதுப்பா. விதிப்படி கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றான் எமில். “சிந்தெமிர் என்கிற நோயாளிக்குப் பிரசவம் நடந்துதா?”

கல்முர்சா தராசின் மேல் கிடந்த ஆட்டுத்தொடையைப் பார்த்தார். கட்டிலில் வலது கையால் இடது கை விரல்களைப் பிசைந்துகொண்டிருந்த சம்பந்தியைப் பார்த்தார். முகம் சிவந்து வந்தது. அந்தக் கோபம் சம்பந்தி மேல் வந்ததல்ல.

“அப்பா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்டா. நல்லாப் பதிஞ்சுக்க. ஒரு எழுத்து விடாம பதிஞ்சுக்க.” கல்முர்சா கைப்பேசியைக் கையில் எடுத்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார். “நீ கட்டின பெட்டிக்குள்ள எழுபத்தோரு வயசு மனுஷன் பிள்ளை பெத்தாரு. நடந்துது. நான் பக்கத்துலயே நின்னு என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”