எதிர்வரிசை வீடு

மருத்துவ நிலையத்தில் சீட்டுப் போட்டுத் தருபவளை எல்லாரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை எட்டு மணிக்குப் புதுச் சட்டம் அமலுக்கு வருகிறது. அவளோ ஏழு மணிக்கே வந்து, நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

பழைய சட்டத்துக்கு எல்லை போட்ட புண்ணியவான் யாரோ, தெருவின் நட்டநடுவில் கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தார். நிலையம் இருக்கும் இந்த வரிசை வீட்டுக்காரர்கள் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் இங்கே வரலாம். எதிர்வரிசைக்காரர்கள் இரண்டு பஸ் மாறி வேறொரு நிலையத்துக்குப் போகவேண்டும். எதிர்வரிசையில் முதல் வீடு தையல்காரம்மாவுடையது. இருபது வருடச் சிநேகிதி. மூன்று வருடங்களுக்கு முன்பு கன்னம் வீங்கி வந்து நின்றவளை, "உங்க பக்கம் இங்க சேராதுக்கா" என்று சீட்டக்காதான் திருப்பி அனுப்பினாள். அன்றோடு பேச்சு நின்றது. சீட்டக்காவின் சீருடையும் அன்றிலிருந்து வேறு யாரோ தைத்ததுதான். தோளில் தொங்கும், இடுப்பில் பிடிக்கும்.

எட்டு அடித்தது. கம்ப்யூட்டரில் 'எந்த வட்டாரம்?' என்ற கேள்வியே காணாமல் போயிருந்தது. சீட்டக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். எண்ணிப் பார்த்தால் பதினான்கு காலடி. இந்தத் தூரத்துக்கா மூன்று வருடம்!

தையல்காரம்மா கழுத்தில் டேப்புடன் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, சட்டம் மாறிடுச்சு. இனிமே யாரு வேணா எங்க வேணா பேரு பதிஞ்சுக்கலாம். மொதச் சீட்டு உங்களுக்குத்தான்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் கடவாப்பல்லு இன்னும் படுத்துதா?"

மிஷின் நின்றது. தையல்காரம்மாவின் கை தன்னால் கன்னத்துக்குப் போய்விட்டது. சீட்டக்கா அந்தக் கையைப் பிடித்து விடாமல் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பல் டாக்டரின் நாற்காலியில் அவள் வாயைப் பிளந்து கிடந்தபோது சீட்டக்காவுக்குத் தைரியம் வந்தது. இப்போது திட்டவும் முடியாது அல்லவா!

"சட்டம் சட்டம்னு சொல்லிட்டு எடத்த விட்டு எழுந்திரிக்காம இருந்துட்டேன்க்கா. உங்ககூட பஸ்ஸாவது ஏறி வந்திருக்கணும். தப்பு என் மேலதான்."

"தலைய ஆட்டாதீங்கம்மா," என்றார் டாக்டர்.

பல் வெளியே வந்துவிட்டது. பாதி முகம் மரத்து, பஞ்சைக் கடித்தபடி தையல்காரம்மா சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு வந்தாள். சீட்டக்கா அதற்குள் தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள்; வரிசையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கழுத்திலிருந்து டேப்பை உருவி, சீட்டக்காவின் தோளில் வைத்தாள்.

"எவடி தெச்சா இத?" என்றாள் பஞ்சு வாயோடு. "பாக்கவே சகிக்கல."

மூன்று வருடத்தில் முதல் பேச்சு. சீட்டக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வரிசையில் முதலில் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். இடுப்பளவு எடுக்கத் தோதாக அவள் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள்.