சுடாத கால்

தீமிதி முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. பாலகிருஷ்ணனின் விரதம் மட்டும் முடிந்தபாடில்லை. படுக்கையறை வாசலில் தினமும் அம்மனைத் துணைக்கு அழைத்தால் எந்த மனைவிதான் நம்புவாள்? "வேற யாரும் இருந்தா சொல்லிடுங்க" என்று பவானேஸ்வரி நேராகவே கேட்டுவிட்டாள். ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "டாக்டர பாப்போம்லா" என்று முனகினார்.

சொந்த ஊரான புக்கிட் காத்திலில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மனைவியோடு டுரியான் துங்கால் கிளினிக்குக்குக் காரை விட்டார். அங்கே இருந்ததோ பெண் டாக்டர், ஷாமினி. பாலகிருஷ்ணனுக்கு வியர்த்துவிட்டது. தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"காலையில எந்திரிக்கும்போது, அண்ணே?"

"அப்பவும் இல்ல டாக்டர்."

"இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்கா?"

"இருக்கு. மருந்தத்தான் மறந்துடுவாரு" என்றாள் பவானேஸ்வரி.

கட்டிலில் படுக்கச் சொன்னார் டாக்டர். "கண்ண மூடிக்குங்க. பாதத்துல தொட்டா சொல்லுங்க."

பாலகிருஷ்ணன் காத்திருந்தார். "ஆரம்பிங்க டாக்டர்."

"அவங்க எப்பவோ தொட்டுட்டாங்க" என்றாள் மனைவி.

அவருக்குப் பெருமை பொங்கியது. "தீ மிதிக்கிற காலு டாக்டர். புள்ளைங்களுக்கு வேண்டிக்கிட்டு எஸ்டேட் கோயில்ல வருஷா வருஷம் முதல் ஆளா இறங்குறவன் நான். அம்மா அருள், சுடவே சுடாது."

ஷாமினி சிரிக்கவில்லை. "இனிப்புநீர் நரம்பக் கெடுத்தா பாதம் மரத்துப்போகும். உங்க பிரச்சனைக்கும் அதே காரணமா இருக்கலாம். ஆசை இருக்கும், உடம்பு கேட்காது. ரத்தம் எடுத்து மத்ததையும் பாப்போம். ஆனா உண்மையச் சொல்லுங்க அண்ணே, எப்பவுமே சுட்டதில்லையா?"

சுட்டால் விரதத்தில் குறை என்பார்கள் கோயிலில். சுடாத கால் என்றுதான் ஊரே அவருக்கு மாலை போட்டது. சுட்டதே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மரியாதை பிழைத்துவிடும். ஆனால் 'ஆசை இருக்கும்' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பவானேஸ்வரி டாக்டர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"சுடும் டாக்டர். முன்னாடியெல்லாம் உயிர் போகும். கொப்புளத்த காலுறை போட்டு மறைச்சிருக்கேன், இவளுக்கே தெரியாது. இந்த நாலஞ்சு வருஷமாத்தான் ஒண்ணுமே தெரியல."

"அப்ப நரம்புதான்னு தோணுது. வைத்தியம் இருக்கு, பயப்படாதீங்க. தீ மட்டும் இனி வேணாம்."

பாலகிருஷ்ணன் தலைகுனிந்து உட்கார்ந்தார். ஊர் போட்ட மாலையெல்லாம் கழன்று விழுந்துவிட்டது. பவானேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"கேட்டீங்களா டாக்டர்? சுட்டிருக்கு. எங்க புள்ளைங்களுக்கு வேண்டிக்கிட்டு, சுடச் சுட நடந்திருக்காரு எங்க வீட்டுக்காரரு!"