ஒரு பல் தள்ளி

மற்றவன் மருந்து நிரப்பிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக் கூடாது. தெற்கு டகோட்டாவின் மேற்கு மூலையில் மாடு வளர்க்கிறவர்கள் சர்ச்சுக்குப் போகத் தவறினாலும் இதில் தவற மாட்டார்கள். கூடப்பிறந்தவனே கொடுத்தாலும் சிரித்தபடி வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். எல்ட்ரன் நிரப்பியதற்கு மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. முப்பது வருடமாக அக்கம்பக்கத்தார் அவன் தோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள்.

அதில் பாதிப் பெயர் தனக்குச் சேர வேண்டியது என்பது அவன் மனைவி லவோனுக்குத் தெரியும். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்வதும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்துக் குண்டைச் செருகுவதும் எல்ட்ரன். நடுவில் மருந்தை நிறுத்துக் கொட்டுவது லவோன்.

எல்ட்ரன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வியாழக்கிழமை காலை அவன் தம்பி வெர்ஜில் வந்து, ருபார்ப் கேக்கில் இரண்டு துண்டை உள்ளே தள்ளிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வடக்கு மேய்ச்சல்ல எல்லாரும் கூடறோம். அண்ணனோட ரைஃபிள், அண்ணனோட தோட்டா. ஆளுக்கு ஒண்ணு சுடறதுன்னு பேச்சு. ஒரு பெட்டி மிச்சம் இருக்குல்ல?"

"கடையில வாங்கிக்கோ."

"கடைத் தோட்டாவை வச்சு அண்ணனை நினைக்கவா? எழுந்து வந்து உதைப்பான்."

லவோன் காப்பிக் கோப்பையைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவிய கோப்பை அது.

பிரெய்ரி நாய் என்று பேர்தான் பெரிது, பார்த்தால் கொழுத்த அணில். மேய்ச்சல் நிலத்தைத் தோண்டித் தோண்டிச் சல்லடையாக்கிவிடும். வளைக்குள் கால் விட்ட குதிரை மறுபடி ஓடாது. அதைச் சுடுவதற்கென்றே எல்ட்ரன் வைத்திருந்த துப்பாக்கிக்குச் சுண்டுவிரல் நீளத் தோட்டா. அவ்வளவு சின்னக் கூட்டில் ஒரு கோதுமை மணி எடைக்கு மருந்து கூடினாலும் போதும், வெயில் நாளில் பின்பக்கமாகச் சீறிச் சுடுகிறவன் கண்ணுக்கே வந்துவிடும்.

அந்தக் கடைசிப் பெட்டியைத்தான் வெர்ஜில் கேட்டான்.

பனி விழும் மத்தியானங்களில் துணி துவைக்கும் அறைதான் அவர்களுடைய பட்டறை. ஒரு பக்கம் துணி சுற்றும், மறுபக்கம் சின்ன டிரம்மில் வால்நட் ஓட்டுத் தூளோடு பித்தளைக் கூடுகள் உருண்டு சுத்தமாகும். ரேடியோவில் மாட்டு விலை ஓடும். எல்ட்ரன் நிமிராமல் "சரியா?" என்பான். தராசு முள்ளைப் பார்த்து அவள் "சரி" என்பாள். ஒரு தோட்டாவுக்கு ஒரு சரியா, ஒரு சரி. பெட்டிக்கு ஐம்பது. பிள்ளைகள் கல்யாணமும் கடன் கவலையும் எல்லாம் அந்த ஐம்பதுக்கு நடுவில்தான் பேசி முடித்தார்கள். இப்போதும் சூப்பில் உப்புப் போட்டதும் அவள் வாய் தானாகச் "சரி" என்கிறது. கேட்க ஆளில்லாத வீட்டில் அந்தச் சொல்லைப் போல் கொடுமை வேறில்லை.

போன வருடம் பிப்ரவரியில் அந்தப் பெட்டி நிரப்பும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. எழுந்து போனாள், வந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஐம்பதும் முடிந்து மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள். தராசுக் கோலின் பற்களில் நகரும் சின்ன எடை, கூடுதல் பக்கமாக ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. எப்போது தள்ளியது, எத்தனை தோட்டா அப்படிப் போயிற்று, தெரியவில்லை. வாயைத் திறக்கப்போன நேரத்தில் எல்ட்ரன் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான்: "முப்பது வருஷத்துல உன் கை ஒரு தடவை தப்புனதில்ல, லவோன்."

அவள் சத்தமில்லாமல் எடையைப் பழைய பல்லுக்குத் தள்ளிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை மறுநாளாயிற்று. மே மாதம் எல்ட்ரன் படுக்கையில் விழுந்தான். சாகக் கிடக்கிறவனிடம் தராசு முள்ளைப் பற்றி யார் பேசுவார்கள்? அவன் போன பிறகும் அந்தப் பெட்டியை அவள் தொடவில்லை. பிரித்துப் பார்த்தால் அவன் கையால் செய்த கடைசி ஐம்பதும் போய்விடும். பார்க்காதவரை எல்லாமே சரியாக இருக்கலாம்.

"அண்ணி, நான் என்ன சொத்தையா கேட்டேன்?" என்றான் வெர்ஜில்.

லவோன் குழாயை மூடினாள். முதுகைக் காட்டியபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வெர்ஜில் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனும் எத்தனையோ பெட்டி சுட்டவன்.

"அண்ணன்கிட்டச் சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"முப்பது வருஷம் எங்க மூஞ்சியெல்லாம் உங்க கையிலதான் இருந்திருக்கு. அது தெரியாம அண்ணனுக்குப் பீர் வாங்கிக் குடுத்திருக்கேன்." சொல்லிவிட்டு எழுந்தான். "வாங்க, பிரிச்சுப் பாத்துடலாம்."

துணி துவைக்கும் அறையில் அவள் பெட்டியை எடுத்து வைத்தாள். குண்டைக் கவ்விப் பிடுங்கும் கவ்வியைப் பிரஸ்ஸில் மாட்டிவிட்டு, வெர்ஜில் முதல் தோட்டாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றான். அடுத்ததை எடுத்தான். அதற்கடுத்ததை எடுத்தான்.

"அண்ணி, இங்க பாருங்க. குண்டைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு தழும்பு. இந்தக் கவ்வி போடற தழும்பு. இதை ஏற்கெனவே ஒருத்தன் பிடுங்கிட்டுத் திருப்பிச் செருகியிருக்கான்."

ஐம்பதிலும் அந்தத் தழும்பு இருந்தது.

"எதுக்கும் ஒண்ணை நிறுத்துப் பாரு" என்றாள் லவோன்.

முதல் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தட்டில் கொட்டி, வெர்ஜில் தராசை அவள் பக்கம் நகர்த்தினான். ஒன்றரை வருடமாக அவள் உட்காராத நாற்காலி. உட்கார்ந்து குனிந்தாள். கோலின் மேல், எடை நிற்க வேண்டிய பல்லுக்கு நேராக, சிவப்பாக ஒரு பொட்டு.

அவளுடைய நகப் பாலிஷ்.

போன வருடம் மார்ச்சில் நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பாட்டில் மூடாமல் கிடந்து காய்ந்து போயிருந்தது. அவள் கத்தாத கத்தில்லை. தராசுல அடையாளம் வச்சேன், எனக்குக் கண்ணு தெரியல, என்றான் எல்ட்ரன். கிழவனுக்குக் கிறுக்கு என்று விட்டுவிட்டாள். நிறுப்பது அவள் வேலை, அவன் ஒருநாளும் தராசைப் பார்த்ததில்லை என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை.

"படுபாவி. தெரிஞ்சிருக்கு அவனுக்கு" என்றாள். "ஐம்பதையும் தனியா உக்காந்து பிரிச்சிருக்கான். ஒரு வார்த்தை சொன்னானா?"

"நீங்க சொன்னீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிறபோதே கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. வெர்ஜில் ஜன்னலுக்கு வெளியே மாடுகளை மும்முரமாகப் பார்த்தான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை முதல்ல நான்தான் சுடுவேன்."

"அந்த ரைஃபிள் தோள்ல உதைக்கும், அண்ணி."

"உன் அண்ணனைவிடவா?"

வெர்ஜில் கைப்பிடியைப் பிடித்தான். பிரித்த தோட்டாவைத் திரும்பச் சேர்க்க வேண்டும். மருந்துத் தட்டு தராசில் லேசாக ஆடி, அடங்கி, முள் கோட்டுக்கு வந்து நின்றது.

"சரியா, அண்ணி?" என்றான் அவன், எதுவும் தெரியாமல்.

லவோன் சிவப்புப் பொட்டைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.