குளிர் அறைப் பதிவேட்டில் ஒரு கோடு

மருந்துக் கிடங்கில் அவளைத் தேதியம்மா என்றுதான் அழைப்பார்கள். பெட்டியைத் திருப்பிய மாத்திரத்தில் அதன் காலாவதி நாளைச் சொல்லிவிடுவாள். பதினோரு ஆண்டுகளில் நாள் கடந்த ஒரு புட்டிகூட அவள் கையைத் தாண்டி வெளியே போனதில்லை.

அப்படிப்பட்டவள் அன்று மாலை வெங்காயம் உரித்தபடியே, "என் புகாருக்குக் காலம் போயிடுச்சுடி," என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

மேலாளரைப் பற்றி அவள் வாய் திறந்ததே அன்றுதான். குளிர் அறையில் அவள் தனித்திருக்கும் வேளை பார்த்து வருவார். வழிவிடுவது போல இடுப்பில் கை வைப்பார். கூசும்படி ஏதேனும் சொல்வார். பொறுக்க மாட்டாமல் அவளே கேட்டுப் பொதி கட்டும் பகுதிக்கு மாறிக்கொண்டாள்.

"இத்தனை நாள் ஏன் அண்ணி சொல்லல?"

"உங்க அண்ணன் போய்க் குதிப்பாரேன்னுதான்."

"அவரு குதிச்சா அவரு முட்டிதான் போகும். புகார் கொடுக்கற விதி எழுதின தாள் இருக்கா?"

அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்த படம் கைபேசியில் இருந்தது. "மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணுமாம். அந்த ஆள் ஆரம்பிச்சு பதினோரு மாசமாச்சே," என்றாள்.

நாத்தனார் தையல்காரி, ஊசிக் காதில் நூல் கோக்கும் கவனத்தோடு படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

"அண்ணி! 'கடைசியாக நடந்த நாளிலிருந்து'ன்னு போட்டிருக்கு. மருந்துக்குப் பாக்கற மாதிரி தயாரிச்ச தேதியிலேருந்து எண்ணிட்டு உக்காந்திருக்கீங்களே!"

தேதியம்மாவின் கை நின்றது. முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெங்காயம்டி."

"ஆமாமா, வெங்காயம்தான். கடைசியா நடந்தது எப்போ?"

அதை அவள் மறக்க வழியில்லை. குளிர் அறையின் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதும்போது அவர் மணிக்கட்டைப் பற்றினார். உதறியதில் பேனா, பக்கம் முழுக்கக் குறுக்காகக் கோடிழுத்துவிட்டது. ஆறாம் தேதிப் பக்கம் அது.

"அப்படின்னா நாளை மறுநாளோட மூணு மாசம் முடியுது. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

வேலை முடித்து வந்த கணவரிடம் தங்கையே விஷயத்தைச் சொன்னாள். அவர் குதிக்கவில்லை. மனைவியின் அருகே அமர்ந்து, மீதி வெங்காயத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணியும் நாத்தனாரும் வேலையிடப் பாலியல் புகார்களை விசாரிக்கும் குழுவின் அலுவலகத்துக்குச் சென்றனர். அங்கிருந்த எழுத்தர் மனுவை வாங்கி, அதிலும் நகலிலும் முத்திரை குத்தி, நகலைக் கொடுத்தார். தேதியம்மா வழக்கம்போல முத்திரையைப் பார்த்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். இதுல அடுத்த மாசம் விழுந்திருக்கு."

"முத்திரையோட தேதிச் சக்கரம் நகர்ந்திருக்கும்மா. இதையெல்லாம் யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே, ஐயா."

அவர் அசடு வழியச் சக்கரத்தைத் திருப்பினார். இரண்டு தாள்களிலும் பழையதை அடித்துவிட்டுப் புதிதாகக் குத்தி, அருகே கையொப்பமும் இட்டார். அவள் மறுபடி படித்துப் பார்த்தாள். ஐந்தாம் தேதி, இந்த மாதம்.

"குளிர் அறைப் பதிவேட்டையும் வரவழைச்சுப் பாருங்க, ஐயா. மூணு மாசம் முந்தின ஆறாம் தேதிப் பக்கம்," என்றாள்.

எழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் கையைக் கோத்துக்கொண்டாள். "பாவம் அண்ணி அந்த மனுஷன். தேதியம்மாகிட்டயா அடுத்த மாசத்தைக் குத்துவாரு?"