கொடியில் ஒரு சேலை

ஹில்டா, சிகந்திராபாத்தில் ஒரு மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு நீதிபோதனை எடுத்தாள். அவள் மகன் கிதியோனும் அந்த வகுப்பில்தான் இருந்தான். அம்மா செய்யும் வேலை ஒன்றை இந்த வாரம் நீங்கள் செய்து பாருங்கள், அதனால் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள். பையன்கள் சிரித்தார்கள். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு வெங்காயம் உரிப்பதிலிருந்து சோறு வடிப்பது வரை ஆண்கள்தானே செய்கிறார்கள், அவர்கள் ஆம்பிளைகள் இல்லையா என்று கேட்டாள். சிரிப்பு அடங்கியது.

அசனச் சமையலுக்குத் தலைவன் அவள் கணவன் ஜேம்ஸ்தான். வீட்டில் அவன் ஒரு தம்ளரைக்கூடக் கழுவியதில்லை. இருந்தாலும் அது நல்ல உதாரணம் என்று அவள் நம்பினாள்.

மறுநாள் கஞ்சி வடிக்கும்போது அவளுடைய வலது கை வெந்துபோயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். யாரும் சொல்லாமலே கிதியோன் வாளியைத் தூக்கிக்கொண்டு, லோத்குண்டாவில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பொதுவான குழாயடிக்குப் போனான். அம்மாவின் சேலையைச் சோப்புப் போட்டு அலசி, வாசலுக்கு எதிரே கொடியில் விரித்தான். பிழியத் தெரியாததால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தவளுக்கு வலி மறந்தது.

எதிர்வீட்டு சூசைராஜ் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். "க்யா தோபி சாப், எங்க வீட்லயும் துவைக்க ரெண்டு பாவாடை கெடக்கு. கொண்டாரவா?"

லைனே சிரித்தது. கடைக்குப் போய்த் திரும்பிய ஜேம்ஸ் அதைக் கேட்டுவிட்டான். மகனை அடிக்கவில்லை. ஈரச் சேலையை உருவி மண்ணில் போட்டான்.

"என்னல இது?"

"அம்மாக்குக் கை வெந்துடுச்சுப்பா. நீங்க அசனத்துக்குச் சமைக்கிறீங்கள்ல, அது மாதிரி."

"அது கர்த்தருக்குச் செய்யுதது. இது பொம்பளைக்கு. ரெண்டும் ஒண்ணால?"

வகுப்பில் நான்தான் செய்யச் சொன்னேன் என்று சொல்ல ஹில்டா வாசல்வரை வந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசற்படியோடு திரும்பிவிட்டாள்.

அவர்கள் உள்ளே போனதும், சூசைராஜுக்கே மனசு கேட்கவில்லை போலும். சேலையை எடுத்து அலசி, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கத்தில் காயப்போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில், யார் யார் என்ன செய்தீர்கள் என்று ஹில்டா கேட்டாள். பாதிப் பேர் துணிந்து புளுகினார்கள். சக்கரபாணி மாவு பிசைந்தானாம். அவன் வீட்டில் சமையற்காரி இருப்பது அவளுக்குத் தெரியும். கிதியோன் கை தூக்கவில்லை. அவன் செய்ததை அவன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"கிதியோன், நீ?"

எழுந்து நின்றான். அம்மாவின் கைக்கட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"ஒண்ணும் செய்யல, மிஸ். அதெல்லாம் பொம்பளைங்க வேலை."

வகுப்பு மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். கிதியோன் மெல்லச் சிரித்தான்.

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இந்தக் கூட்டமும் அவனைத் தோபி என்று கூப்பிடும். ஆண்டவரே, எனக்காக அவன் பிடித்த அந்த ஒரு வாளித் தண்ணீரை நீராவது மறக்காதேயும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"உட்காரு" என்றாள்.