இரண்டாவது ஓட்டை

என் வேலை ரத்தம் எடுப்பது. லேபுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு நானே காரில் போய், ஊசி குத்தி, குழாயில் பிடித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, கெட்டுப்போவதற்குள் லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். குத்துவதற்கு முன்னால் லேசாக வலிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். அந்த மரியாதைகூட இந்த இன்ஷூரன்ஸ்காரர்களிடம் கிடையாது.

முதலில் காருக்குப் பிரீமியத்தை ஏற்றினார்கள். என் கார் இதுவரை ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை. நஷ்டஈடு என்று அவர்கள் வாசலில் போய் நான் நின்றதே இல்லை. ஏன் ஏற்றினீர்கள் என்று போனில் கேட்டால், வெகுநேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, உங்கள் பகுதியில் விபத்துகள் கூடிவிட்டன என்றாள் ஒரு பெண். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே எவனோ உப்பைத் தின்கிறான், குடம் குடமாக நான் குடிக்கிறேன். தொலையட்டும் என்று கட்டினேன். கார் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இந்த மூலையில் ஒரு சர்க்கரை நோயாளி, அந்த மூலையில் படுத்த படுக்கையாக ஒருவர். பஸ்ஸில் போனால் நான் போய்ச் சேருவேன், ரத்தம் உருப்படியாகப் போய்ச் சேராது.

அந்த மாதமே வீட்டு இன்ஷூரன்ஸ் கடிதமும் வந்தது. உங்கள் கூரையை வானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தோம், இரண்டு இடங்களில் ஓட்டை இருக்கிறது, ஆகவே பிரீமியம் இரண்டு மடங்கு, கட்டாவிட்டால் பாலிசி ரத்து. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்களுக்கு வீடு எரியக்கூட வேண்டாம்.

வேண்டாம் போ என்று உதறவும் வழியில்லை. வீடு வங்கிக் கடனில் இருக்கிறது. பாலிசி இல்லையென்றால் வங்கியே தன் இஷ்டத்துக்கு ஒரு பாலிசி எடுத்து, அதைவிடக் கூடுதலான தொகையைத் தவணையோடு சேர்த்துவிடும். எப்படிப் பார்த்தாலும், வீடு நிலைக்க வேண்டுமானால் காரை விற்க வேண்டும். காரை விற்றால் என் சம்பளம் நிற்கும். அப்புறம் தவணையை எதை வைத்துக் கட்டுவது?

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூரையில் ஓட்டை என்று ஊரில் யார் வீட்டைச் சொன்னாலும் நம்பியிருப்பேன். என் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒரு தூசி, ஒரு கீறல் பொறுக்காத மனிதர். எங்களுடையது ஓட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை மற்ற வீட்டு ஆண்கள் குறட்டை விடும் நேரத்தில் இவர் ஏணியைச் சாத்திக்கொண்டு மேலே ஏறிவிடுவார். விரிசல் விட்டதை எடுத்துவிட்டுப் புது ஓடு செருகுவார், இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்குவார், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்பார். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை. எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி உண்டென்றால் அது அந்தக் கூரைதான். தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது, வெயிலில் ஒரு தொப்பியாவது போடுங்கள் என்றால் அதுவும் கேட்க மாட்டார்.

இந்தப் பாலிசிகளை எங்கள் தலையில் கட்டியவன் என் சொந்தத் தம்பி. அந்தக் கம்பெனியின் ஏஜென்ட். கூப்பிட்டனுப்பினேன். வந்தவன் அக்காவுக்கும் கம்பெனிக்கும் நடுவில், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றான். படத்தைக் காட்டு என்றேன். வாடிக்கையாளருக்குக் காட்டுகிற வழக்கமில்லை என்று இழுத்தான்.

"என் வீட்டை என்னைக் கேக்காம படம் எடுப்பாங்க. அதை எனக்கே காட்ட மாட்டாங்களா? நீ காட்டலைன்னா நாளைக்கு உன் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவேன்."

உட்காருவேன் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து யாருக்கும் தெரியாமல் தன் போனில் பிடித்துக்கொண்டு வந்தான்.

எங்கள் கூரைதான். இரண்டு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். முதல் வட்டத்துக்குள் சதுரமாக ஒரு திறப்பு, பக்கத்தில் அடுக்கி வைத்த ஓடுகள். புது ஓடு செருகுவதற்காக இவர் பழையதைக் கழற்றியிருந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது வட்டத்துக்குள் உருண்டையாக, பழுப்பாக ஏதோ ஒன்று. நடுவில் வெயில் பட்டு மின்னியது. படத்தைப் பெரிதாக்கினேன். அதற்குக் கீழே ஒரு கட்டம்போட்ட சட்டை தெரிந்தது. சட்டை நான் வாங்கிக் கொடுத்தது.

"இது ஓட்டை இல்லடா. உங்க மாமா."

தம்பி குனிந்து படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து மாமாவின் தலையைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். நான் சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. இவர் மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு, "அன்னிக்கு சாயங்காலமே மூடிட்டேனே" என்றார். என்னவோ தான் தப்புச் செய்தது போல. அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மறுநாளே அவரையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அதிகாரி ஒருவர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் கத்தியதை எல்லாம் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார்.

"சரிம்மா, தலைன்னே வச்சுக்குவோம். தலை எதுக்குக் கூரைக்குப் போச்சு? ரிப்பேர் பண்ண. பழுது இருந்தாத்தானே ரிப்பேர்?"

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். சும்மா விட்டால் பழுது என்கிறீர்கள், சரி செய்தாலும் பழுது என்கிறீர்கள், மனிதர்கள் என்னதான் செய்வது என்று கேட்டேன். அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். பயிற்சி இல்லாத ஆள் கூரை ஏறுவதே ஓர் ஆபத்துதானாம், அதற்கே தனியாக ஏற்ற வேண்டுமாம். போனால் போகிறது என்று ஒரு வழியும் சொன்னார். இனிமேல் வீட்டில் உள்ளவர்கள் யாரும் கூரை ஏற மாட்டோம், கம்பெனி அங்கீகரித்த ஆட்களை மட்டுமே ஏற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தால் பழைய பிரீமியமே போதும். மீறினால் பாலிசி ரத்து.

இவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த கார் சாவியைப் பார்த்தேன். போட்டுவிடுங்கள் என்றேன். போட்டார். கையெழுத்துக்கூட அவர் கையெழுத்து மாதிரி இல்லை.

அங்கீகரித்த ஆட்களுக்குப் போன் செய்தேன். வந்து எட்டிப் பார்ப்பதற்கே அவர்கள் கேட்ட தொகையில் இன்னொரு பாலிசி எடுக்கலாம். அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகுதான் வருவார்களாம். மழை முடிந்த பிறகு கூரைக்கு ஆள் எதற்கு, எனக்கு ஆறுதல் சொல்லவா?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் தெருவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்ப்பார். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு ஓடு, அதில் மயிரிழை அளவுக்கு விரிசல். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. கால் மணி நேர வேலை. ஏணி சுவரோரமாகச் சும்மா கிடந்தது.

மழை வந்தது. நாலாவது நாள் படுக்கையறையில் சொட்ட ஆரம்பித்தது. கட்டிலை நகர்த்தினோம், வாளி வைத்தோம். சுவர் ஊறி அலமாரிக் கதவு உப்பிக்கொண்டது, உள்ளே இருந்த துணியெல்லாம் பூஞ்சை. இத்தனை வருஷம் கட்டியதற்கு முதல் தடவையாக நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டேன்.

பதிலைத் தம்பியே கொண்டுவந்தான். ஒன்றில்லை, இரண்டு கடிதம். வாசலிலேயே நின்றுகொண்டு நீட்டினான். முதல் கடிதத்தில், புதிதாகப் படம் எடுத்துப் பார்த்ததில் உங்கள் கூரை மிகச் சிறப்பான நிலையில் இருக்கிறது என்று பாராட்டியிருந்தார்கள். இரண்டாவதில் நஷ்டஈடு கிடையாது என்றிருந்தது. காரணம், வீட்டுக்காரர் கூரையைப் பராமரிக்கத் தவறிவிட்டார்.

இவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"நான் பராமரிக்கலையா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கடிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக வெளியே போனார். மழை விட்டிருந்தது. சுவரோரம் கிடந்த ஏணியைத் தூக்கி நிறுத்தினார்.

தம்பி பதறிப்போய்ப் பின்னால் ஓடினான்.

"மாமா, எழுதிக் குடுத்திருக்கீங்க. மறுபடி படம் எடுத்தா பாலிசி போயிடும். அப்புறம் பேங்க் சும்மா இருக்காது. அக்கா காரை வித்துதான் ஆகணும்."

இவர் ஏணியின் முதல் படியில் கால் வைத்தபடி நின்று என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றால் இறங்கிவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும். என் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் காலையில் எடுத்த ரத்தம் இருந்தது, அரை மணி நேரத்தில் அதை லேபில் கொடுக்க வேண்டும். கார் போகட்டும் என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஆனால் உள்ளே வாளியில் சொட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. ஏறினாலும் அடி, ஏறாவிட்டாலும் அடி என்றால், ஏறிவிட்டே வாங்கிக்கொள்வோம்.

"ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

ஏணியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். தம்பி கொஞ்ச நேரம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான், பிறகு வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். அப்படியே ஒரு கையால், கம்பெனி கொடுத்த தன் தொப்பியைக் கழற்றி மேலே நீட்டினான்.

"இதையாவது போட்டுக்குங்க மாமா. மேலேருந்து பாத்தா யாருன்னு தெரியாது."

இவர் அந்தத் தொப்பியை வாங்கி, முன்னால் போட்டிருந்த கம்பெனியின் பெயரைப் படித்துவிட்டு, அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. நல்லாத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.