சைலென்சரைப் பிடித்து மடக்கியவள்

பன்னிரண்டு வருடமாகத் துப்பாக்கி கிளப் அணியில் சுடுகிறவளிடம் வந்து, “மேடம், பேசாம இந்த வருஷம் ஸ்கோர் எழுதுற பக்கம் வந்துடுங்களேன். கண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல, வயசாகுது” என்று செயலாளர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தையல்காரி. கருப்புத் துணியில் கருப்பு நூலால் போட்ட தையலைப் பிரித்து மறுபடி தைப்பவள். ஊசியில் நூல் கோக்க இன்றுவரை இரண்டாவது முயற்சி தேவைப்பட்டதில்லை. என் கண்ணைப் பற்றிப் பேசுவது யார்? மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே அதைத் தேடுகிற மனிதர்!

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மூன்று மாதமாகக் குறி தப்பிக்கொண்டுதான் இருந்தது. ஒன்று நடுவில், அடுத்தது இடது ஓரத்தில், அதற்கடுத்தது அட்டையிலேயே இல்லை. சனிக்கிழமை தேர்வு. நான்கே இடம். அணியில் இருப்பவர்களுக்குத்தான் வாராவாரம் சுடும் கூடம் கிடைக்கும். அதுவும் போனால், வாரத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே சாயங்காலம் போய்விடும். மற்ற நாளெல்லாம் ஊராரின் இடுப்பளவு.

கண் டாக்டரிடம் போனேன். கடைசி வரியையும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் வாசித்தேன். “நீங்க எதுக்கும்மா வந்தீங்க?” என்றார்.

அப்படியானால் கோளாறு துப்பாக்கியில். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது. குழலை மடக்கி இழுத்து, ஈயக்குண்டு போட்டு, மறுபடி நிமிர்த்திச் சுடும் ஏர் ரைபிள். நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பெனியே மாட்டி அனுப்பிய, வெடிச் சத்தத்தை அமுக்கும் பிளாஸ்டிக் சைலென்சர். உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அதன் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றினேன். ஒரு பக்கம் மட்டும் ஈயக் கறை. போகிற குண்டெல்லாம் உரசிக்கொண்டு போயிருக்கிறது.

தூக்கிக்கொண்டு கொழுந்தனின் லேத் பட்டறைக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணி, இத எப்படி மடக்குவீங்க? செஞ்சு காட்டுங்க.”

சைலென்சரின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு.

“புடிச்ச இடத்தப் பாருங்க. இது சைலென்சரா, கைப்பிடியா?”

“எல்லாரும் அப்படித்தான்பா மடக்குறோம். நீளமா இருக்கு, கை வலிக்காம வருது.”

“வரும், வரும். கூடவே அதுவும் வளைஞ்சு வரும். மயிரிழை சாய்ஞ்சா போதும், குண்டு இடிச்சுடும்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இரண்டு வருடமாக என் துப்பாக்கியின் மூக்கை நானே திருகியிருக்கிறேன்!

“கழட்டிப் போட்டுட்டுச் சும்மா சுடுங்க” என்றான். அது முடியாது. கூடத்தின் பின்சுவரை ஒட்டி வீடுகள். சைலென்சர் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். பழையதைக் கம்பெனியில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பாதி நாள் மல்லுக்கட்டிக் கழற்றினான். அதற்குப் பதிலாக நான் வாங்கி வந்தது உலோகத்தில், பழையதில் பாதி நீளம். மாட்டியதும் நேரான கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தோம். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. காலர் சரியாக உட்கார்ந்தால் வருகிற நிம்மதி வந்தது.

இனி குழலைப் பிடித்துத்தான் மடக்க வேண்டும். அதற்கு இன்னும் பலம் வேண்டும். மூன்று நாள் பட்டறையின் பின்கட்டில் பழகினேன். கை பழக்கதோஷத்தில் நுனிக்கே போகும். “அண்ணி, கை!” என்று லேத் சத்தத்தை மீறிக் கத்துவான். தோள்பட்டை கழன்று விழுவது போல இருந்தது. விடவில்லை.

சனிக்கிழமை பத்துக் குண்டு சுட்டேன். அட்டையில் ஒரே ஓட்டை, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. செயலாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மீதியெல்லாம் எங்க போச்சு?”

“அதே ஓட்டையிலதான் சார் போச்சு. பின்னாடி குண்டு விழுற பெட்டியில எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். பத்தும் இருந்தன. “என்ன மேடம் பண்ணீங்க?” என்றார், குரல் இறங்கி. மறைத்திருக்கலாம். ஆனால் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. நான் செய்த கூத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கூடத்தில் இருந்த பதினோரு பேரும் தங்கள் கை எங்கே இருக்கிறதென்று பார்த்தார்கள். செயலாளர் தன் துப்பாக்கியின் சைலென்சரிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.

பிறகு பட்டியலை வாசித்தார். முதல் பெயரே என்னுடையது.

“சார், இன்னொரு தடவ படிங்க” என்றேன். முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. அவர் மறுபடியும், இந்தத் தடவை சத்தமாகவே படித்தார்.